அவசர வழியில் ஒரு டி.வி.

"இனிமே இந்தக் கதவை எவனாலும் திறக்க முடியாது மாமா. என்னாலயே முடியாது!"

என் மைத்துனன் கைகளைத் தட்டித் தூசியை உதறிவிட்டு இதைச் சொன்னபோது மணி பன்னிரண்டு பத்து.

சரியாக மூன்று மணி இருபது நிமிடம் கழித்து அதே கதவை ஓர் அரசாங்க அதிகாரி ஒற்றைக் கையால் இழுத்துப் பார்க்கப்போகிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அவன் அப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருக்கமாட்டான். நானும் அவனுக்கு இரண்டாவது டீ போட்டுக் கொடுத்திருக்கமாட்டேன்.

கதவு இருப்பது ஒரு பஸ்ஸில். பஸ் இருப்பது எங்கள் வீட்டு வாசலில். எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கேப்டன். அந்தப் பெயர் பிள்ளைகளோடு நிற்காமல் தெருவுக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. போன வருடம் அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவள் ஓட்டிய பஸ்ஸுக்கும் அதே மாதம் ஓய்வு. அதைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"வீடு."

"நமக்குத்தான் வீடு இருக்கே?"

"இது மக வீட்டுக்குப் போற வீடு."

எங்கள் மகள் இருப்பது இங்கிருந்து இரண்டு நாள் பயண தூரத்தில். அவளும் மாப்பிள்ளையும் மாடியில் ஒற்றை அறையில் குடித்தனம். அவளுக்கு இது நிறைமாதம். "அம்மா, நீ வந்தா நான் அடுப்பு மேலதான் ஏறிப் படுக்கணும்" என்று போனில் சிரித்தாள். ஆனால் அந்த வீட்டுக்குக் கீழே பெரிய முற்றம் உண்டு. ஒரு பஸ் தாராளமாக நிற்கும். கடைசி நாட்களில் படி ஏற முடியாமல் அவள் கீழேயே, அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம்.

கேப்டன் போட்ட திட்டம் இவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்குத் தூக்கம் போனது.

நான் தையல்காரன். ஆனாலும் பஸ்ஸுக்குள் கட்டில், அடுப்பு மேடை, திரைச்சீலை, என் தையல் மெஷினுக்கு ஒரு மூலை என்று எல்லாம் என் கையால் செய்தேன். எல்லாவற்றுக்கும் சிகரம், பின்பக்கம் கூரை வரைக்கும் நிற்கும் ஓர் அலமாரி. சட்டை தைக்கிறவன் அலமாரி செய்தால் எப்படியிருக்கும் என்று மைத்துனன் வந்து சுற்றிப் பார்த்தான். "காலர் வைக்காததுதான் குறை" என்று தீர்ப்பும் சொன்னான்.

அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூட்டு ரிப்பேர், சாவி வெட்டுவது, இரும்புப் பெட்டி திறப்பது. ஊரே அவனைப் 'பூட்டு' என்றுதான் கூப்பிடும். அக்காவின் பஸ்ஸுக்கு அவன் அதுவரை ஒன்பது பூட்டு போட்டிருந்தான். டீசல் மூடிக்கு ஒன்று, கேஸ் பெட்டிக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு இரண்டு. தண்ணீர்த் தொட்டிக்குக்கூட ஒன்று. தண்ணியை எவன்டா திருடுவான் என்று கேட்டதற்கு, "தாகம் எடுத்தவன்" என்றான்.

எல்லாம் முடிந்து, பாக்கி டி.வி. மட்டும். "பொண்ணு பகல் பூரா படுத்துட்டுக் கூரையையா பார்த்துட்டிருப்பா?" என்று கேப்டன் கேட்டாள். நேற்று மூன்று பேரும் கடைக்குப் போனோம்.

அந்த விற்பனையாளர் எங்களை மறக்கவே மாட்டார்.

கேப்டன் நேரே ஒரு பெரிய டி.வி.க்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். மேசையே ஆடியது.

"மேடம்! மேடம்! என்ன பண்றீங்க?"

"குண்டு குழி வருதுன்னு வெச்சுக்குங்க. தாங்குமா?"

"டி.வி.க்கு எப்படி மேடம் குண்டு குழி வரும்?"

அதற்குள் பூட்டு டி.வி.யின் பின்னால் தலையை நுழைத்திருந்தான். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "அண்ணே, இதைத் திருடணும்னா எத்தனை நிமிஷம் ஆகும்?"

விற்பனையாளர் காவலாளியைத் தேடினார். நான் அவசரமாக நடுவே புகுந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று அங்குலம் என்று எழுதியிருந்தது. நான் அளந்தால் முப்பத்தெட்டுதான் வந்தது.

"ஐந்து அங்குலம் குறையுதே?"

"அது மூலைக்கு மூலை அளக்கறது சார்."

"அட, கிராஸ்ல அளந்திருக்கீங்களா? அப்ப சரி" என்றேன். குறுக்கு வெட்டு தெரியாத தையல்காரன் உண்டா? டி.வி. செய்கிறவர்கள்மீது எனக்கு அந்த நிமிடம் ஒரு மரியாதை வந்தது.

எடை எட்டு கிலோ. வெயில் பட்டாலும் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்காத திரை. பஸ் பேட்டரியும் இன்வெர்ட்டரும் தாங்கக்கூடிய கரண்டு. மூன்றுக்கும் கேப்டன் தலையாட்டினாள். வாங்கிவிட்டோம். பெட்டியை வண்டியில் ஏற்றிய விற்பனையாளர், நாங்கள் தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலையில் ஆரம்பித்தது எங்கே மாட்டுவது என்ற பிரச்சினை.

பஸ் என்பது இரண்டு பக்கமும் ஜன்னல். சுவர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. முதலில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் வைத்துப் பிடித்தோம். கேப்டன் சீட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். தடுப்புக்கு எதிரே இருந்த ஜன்னலில் பட்டு, டி.வி. படம் கண்ணாடியில் வந்து விழுந்தது.

"எனக்குப் பின்னாடி வரது லாரியா ஷாம்பு விளம்பரமான்னு தெரியல. எடுங்க முதல்ல."

மேலே தொங்கவிடலாம் என்றால் என் தலை இடித்தது. கட்டிலுக்குக் கீழே என்றால் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். மணி பத்தானது.

"அக்காவும் மாமாவும் சண்டை போடறதை விட டி.வி.ல என்ன காட்டப்போறான்?" என்றான் பூட்டு.

"நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு இடத்துல மாட்டி வைங்க. நான் ஆபீஸ்ல பேப்பரைக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று கேப்டன் கிளம்பிவிட்டாள்.

பள்ளிக்கூட பஸ்ஸை வீட்டு பஸ் என்று மாற்றி எழுத ஓர் ஆய்வு உண்டு. அதற்கு நாள் வாங்கத்தான் போனாள். அந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் பஸ் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எனக்கும் பூட்டுக்கும் தெரிந்தவரை ஆய்வு என்றால் பிரேக், டயர், புகை. அதில் டி.வி.க்கு என்ன வேலை?

அவள் போனதும் பூட்டு பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, ஒரு கதவை உற்றுப் பார்த்தான்.

பின்சுவரின் நடுவில் அகலமான கதவு. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளை ஏற்றுவதற்காக அந்தக் காலத்தில் சொல்லிச் செய்தது. நாற்பத்திரண்டு அங்குலம். கட்டிலில் படுத்தால் நேர் எதிரே. நடுவில் துருத்திக்கொண்டு ஒரு சிவப்புக் கைப்பிடி. அதற்கு மேலே பெரிய எழுத்தில்: அவசர வழி.

"மாமா, இதைவிட நல்ல இடம் கிடையாது. வண்டி ஓடும்போது கட்டிலுக்கு முன்னாடி திரைச்சீலையை இழுத்து விட்டா அக்கா கண்ணாடியிலயும் தெரியாது."

"மாப்ள, அவசர வழின்னு எழுதியிருக்கே?"

"பள்ளிக்கூட பஸ்ஸா இருந்தப்ப எழுதினது. இப்ப இது வீடு. உங்க வீட்டுல எந்தச் சுவத்துல அவசர வழின்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

யோசித்துப் பார்த்தேன். எந்தச் சுவரிலும் எழுதவில்லை. வாயை மூடிக்கொண்டேன். நடந்த குற்றத்தில் என் பங்கு அதுதான்.

இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டான். சிவப்புக் கைப்பிடியைக் கழற்றிப் பைக்குள் போட்டான். கதவின் உள்சட்டத்தில் துளையிட்டு டி.வி.யைத் தாங்கும் இரும்புத் தகட்டை அடித்தான். டி.வி. அம்சமாக உட்கார்ந்தது. அதோடு விட்டிருந்தால் சரி. என் அலமாரி அந்தப் பின்கதவின் ஓரத்தில் இரண்டு அங்குலம் ஏறித்தான் நிற்கும். அந்த மூலையில், ஒரு முழ நீள எல் வடிவ இரும்புப் பட்டையை வைத்தான். பட்டையின் ஒரு கால் கதவில், இன்னொரு கால் அலமாரிப் பலகையில். மொத்தம் பத்து போல்ட்.

சாதாரண போல்ட் இல்லை. உள்ளே போகும், வெளியே வராது. கடைசி முறுக்கில் தலை தானாக ஒடிந்து விழும். பிடிக்க ஒன்றும் இருக்காது. கோழிமுட்டை மாதிரி வழவழவென்று இருக்கும்.

"பேங்க்குக்குப் போடறது மாமா" என்றான். அதற்குப் பிறகுதான் அவன் கையைத் தட்டியதும், நான் டீ போட்டதும்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. வாசலில் கேப்டனின் செருப்புச் சத்தம். ஓடிவருகிற சத்தம்.

"இன்னிக்கே! மூணரைக்கே! யாரோ வரலையாம், அந்த நேரத்தை நமக்குக் குடுத்துட்டாங்க! அதை விட்டா இன்னும் ஆறு வாரம் கழிச்சுத்தானாம்!"

மகளுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். ஆறு வாரம் என்றால் குழந்தை பிறந்து, பெயர் வைத்து, எங்களைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்கும்.

கேப்டன் உள்ளே ஏறினாள். டி.வி.யைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, பரவாயில்லையே! கட்டில்ல இருந்து நேரா..."

நிறுத்தினாள். கண் டி.வி.யிலிருந்து இறங்கி ஓரத்துக்குப் போனது. மறுபடி நடுவுக்கு வந்தது.

"ஏங்க. சிவப்புக் கைப்பிடி எங்க?"

நான் பூட்டைப் பார்த்தேன். பூட்டு பையிலிருந்து அதை எடுத்து நீட்டினான். "பத்திரமா இருக்குக்கா."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஆய்வு அதிகாரி ஏறினதும் முதல்ல இழுத்துப் பார்க்கறது இதைத்தான். பிரேக்குக்கூட அப்புறம்தான். இது திறக்கலைன்னா மத்ததைப் பார்க்கவே மாட்டார், போயிட்டு வாங்கன்னுடுவார்."



"கழட்டுடா."

"முடியாதுக்கா."

"முடியாதுன்னா?"

"அதான் அதோட விசேஷமே."

சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. பாய்ந்து டிரில்லை எடுத்தான். போல்ட்டின் வழவழப்பில் டிரில் ஊசி வழுக்கியது. அழுத்தினான். டிக் என்று ஒடிந்தது. இரண்டாவது ஊசி. டிக். மூன்றாவதை மாட்டவே இல்லை. ரம்பத்தை எடுத்துப் பட்டையை அறுத்துப் பார்த்தான். பட்டையில் ஒரு கீறல் விழுந்தது. ரம்பத்தில் பல் போனது.

"நல்ல சாமான்" என்றான், அழாத குறையாக.

மணி ஒன்று.

போன் அடித்தது. மகள். கேப்டன் குரலைச் சரிசெய்துகொண்டு எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, டி.வி. வந்துச்சா? மாமா மாட்டிட்டாரா?"

"மாட்டிட்டான்டி. நல்லா மாட்டிட்டான்."

பூட்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, காலையில டாக்டரைப் பார்த்தேன். ஒன்பது நாள் எல்லாம் ஆகாது, முன்னாடியே வந்துடும் போலன்னு சொல்றாங்க. நீ எப்ப கிளம்பறே? எனக்கு... ஒண்ணுமில்ல. நீ வந்தா நல்லாயிருக்கும்."

"நாளைக்குக் காலையில கிளம்பறேன்" என்றாள் கேப்டன், ஒரு நொடிகூட யோசிக்காமல். போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் திட்டினால் பயப்படத் தேவையில்லை. திட்டாமல் பார்த்தால்தான் ஆபத்து.

"இது எதுக்கு இருக்கற கதவுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் பண்ணினியா?"

அவன் உடைந்த டிரில் ஊசியை விரலால் உருட்டிக்கொண்டே பேசினான். "நீங்க ரெண்டு பேரும் ரெண்டு நாள் ரோட்டுல போவீங்க. எங்கயோ ஓரமா நிறுத்திட்டுப் படுப்பீங்க. மாமா படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார். இந்தக் கதவு வெளியில இருந்தும் ஒரு இழுப்புல திறக்கும். முன்னாடி ஒன்பது பூட்டு போட்டு என்ன, பின்னாடி ஒருத்தன் சும்மா திறந்துட்டு ஏறலாம். நீங்க அங்க நிம்மதியாத் தூங்குவீங்க. எனக்கு இங்க தூக்கம் வராதுக்கா. டி.வி. ஒரு சாக்கு."

இத்தனை நாளும் அவன் பூட்டு பூட்டாகக் கொண்டுவந்து மாட்டும்போதெல்லாம் நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

கேப்டன் எழுந்து, டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாசம் ஒரு தடவை நாற்பது பிள்ளைங்களை இந்த வழியா இறக்குவேன். பயிற்சிக்கு. வாட்சைப் பிடிச்சுட்டு நிப்பேன். நாற்பத்தெட்டு செகண்ட். ஒரு நாள் பயிற்சி இல்லடா. இன்ஜின்ல இருந்து நிஜமாவே புகை. அன்னிக்கு நாற்பத்தோரு செகண்ட்."

"இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றேன் நான்.

"சொன்னா வேலையை விடச் சொல்லியிருப்பீங்க." என்னை அதோடு தள்ளிவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "அடுப்பு எங்க இருக்கு?"

"முன்னாடி."

"ஏறற கதவு?"

"அடுப்புக்குப் பக்கத்துல."

"என் பொண்ணு இந்தக் கட்டில்ல வயித்துப் பிள்ளையோட படுத்திருக்கா. அடுப்புல தீ பிடிச்சுடுச்சு. அவ எந்த வழியா இறங்குவா? நீயே சொல்லு."

பூட்டு அடுப்பைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். தான் மாட்டிய டி.வி.யைப் பார்த்தான். அவன் முகத்தில் நிறம் மாறுவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

சட்டென்று மண்டியிட்டான். பட்டையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான், டாக்டர் முதுகில் தட்டுவது போல. இரும்பு. இரும்பு. போல்ட். போல்ட். கை பட்டையைத் தாண்டி அலமாரிப் பலகைக்குப் போனது. டொக் டொக்.

நிமிர்ந்தான். "மாமா. இந்த அலமாரி நீங்களே செஞ்சதா?"

"ஆமா, ஏன்?"

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க மாமா. என்ன ஒரு ஃபினிஷிங்!"

காலர் இல்லை என்று சொன்ன ஆள் பாராட்டுகிறான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"வேணாம் மாப்ள."

"இரும்பைத்தான் அறுக்க முடியாது மாமா. மரத்தை அறுக்கலாம். பட்டை மாட்டியிருக்கற அந்தப் பலகைத் துண்டை மட்டும் வெட்டி விட்டுட்டா, பட்டையோட சேர்ந்து கதவோடவே போயிடும். கதவு வெளிப்பக்கமா திறக்கறதுதானே?"

மூன்று வாரம் இழைத்த பலகை. ஒவ்வொரு இரவும் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்த பலகை. கேப்டனைப் பார்த்தேன். அவள் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள்.

ஒன்று இருபது.

"குடு இங்க. நானே வெட்டறேன். நீ வெட்டினா கோணலா வெட்டுவே" என்று மர ரம்பத்தைப் பிடுங்கினேன். சாக்கட்டியால் கோடு போட்டேன். துணி வெட்டும்போது கோடு போட்டுவிட்டால் அப்புறம் தயங்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு முதல் இழுப்பு இழுத்தேன். அதற்குப் பிறகு மரத்தூள்தான்.

ஒன்று ஐம்பது. பலகைத் துண்டு விட்டது. பூட்டு சிவப்புக் கைப்பிடியின் கம்பியை நீட்டி, டி.வி.க்கு ஒரு சாண் கீழே கொண்டுவந்து மாட்டினான். வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும், உள்ளிருந்து இழுத்தால் எந்தப் பூட்டாக இருந்தாலும் விட்டுவிடும் என்கிறபடி உள்ளே ஏதோ மாற்றினான். கை அவ்வளவு வேகமாக ஓடியதை நான் பார்த்ததில்லை.

"இழுங்கக்கா."

கேப்டன் இழுத்தாள். கதவு டி.வி.யோடு வெளியே போனது. அரை வட்டம் அடித்து, பஸ்ஸின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. கூடவே, இன்வெர்ட்டரில் செருகியிருந்த வயர் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு பறந்துபோய்த் தெருவில் விழுந்தது.

"வயர்!" என்றோம் மூன்று பேரும்.

நீளமான வயராக விட்டால் கதவு மூடும்போது தரையில் சுருண்டு கிடக்கும். இறங்குகிறவர் கால் தடுக்கும். குட்டையாக விட்டால் கதவைப் பிடித்து இழுக்கும். பூட்டு என் முகத்தைப் பார்த்தான். இது என் பக்கம் வந்த பந்து. மெஷினில் உட்கார்ந்தேன். மீந்துபோன திரைத்துணியில் நீளமாக ஒரு குழாய். அதற்குள் பாவாடைக்கு வைப்பது போல எலாஸ்டிக். வயரை மடித்து மடித்து உள்ளே விட்டு, கீல் பக்கம் மேலே தூக்கிக் கட்டினேன். கதவு திறந்தால் நீளும், மூடினால் சுருங்கிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் நான் தைத்ததிலேயே விசித்திரமான உடுப்பு அதுதான்.

வயர் இழுக்கிறதா என்று பார்க்க டி.வி.யைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு நாலைந்து தடவை திறந்து மூடினோம். படம் ஒரு சிமிட்டுகூடச் சிமிட்டவில்லை.

இரண்டு ஐம்பத்தைந்து. கேப்டன் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். அடுத்த இருபத்தைந்து நிமிடத்தில் அவள் ஒரு சிக்னலையும் மீறவில்லை, ஒருவரையும் திட்டவில்லை. ஆனால் பின்னால் நின்ற நாங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது பிடித்துக்கொண்டேதான் இருந்தோம்.

ஆய்வு மைதானத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. அதிகாரி ஒல்லியாக இருந்தார். கையில் அட்டை. சிரிப்பு என்பதை எப்போதோ எங்கேயோ ஒப்படைத்துவிட்டு வந்த முகம். பஸ்ஸுக்குள் ஏறினார். நேராகப் பின்பக்கம் போனார். நின்றார்.

"இது என்ன?"

"டி.வி. சார்" என்றேன்.

"அது தெரியுது. அவசர வழி எங்க?"

"அதுதான் சார் இது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த பலகைத் துண்டைப் பேனாவால் தொட்டார். அதில் ஒரு கொக்கி இருந்தது. கொக்கியில் என் ஈரத்துண்டு தொங்கியது. "இது?"

"அலமாரி சார். அதுல... கொஞ்சம்."

அதிகாரி அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு அவர் கட்டிலில் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"புகைன்னு வெச்சுக்கறேன். ஒண்ணும் தெரியல" என்றார்.

கண்ணைத் திறக்காமல் எழுந்தார். கையை நீட்டித் துழாவினார். கை டி.வி.யின் விளிம்பில் பட்டது. கீழே இறங்கியது. விரல் சிவப்புக் கைப்பிடியைத் தொட்டது. ஒற்றைக் கை. ஒரே இழுப்பு.

கதவு பறந்தது. பஸ்ஸின் முதுகில் 'தப்' என்று ஒட்டிக்கொண்டது. வெயில் உள்ளே வந்தது. அதிகாரி கண்ணைத் திறந்து, கீழே இறங்கி, மறுபடி ஏறி, எங்களையும் ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார். வயரைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை யார் பண்ணினது? பாவாடை மாதிரி இருக்கு."

"அது நான்தான் சார்."

"எத்தனை பேர் தங்குவீங்க?"

"மூணு" என்றாள் கேப்டன். "இந்த வாரத்துல நாலு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகத்தில் எங்கேயோ ஒரு தசை அசைந்தது. "வெளியில இருந்து யாராவது திறக்க முடியுமா?"

"சாவி இல்லாம முடியாது சார்" என்றான் பூட்டு.

"உள்ள இருந்து?"

பூட்டு அக்காவைப் பார்த்தான். "கைக்குழந்தைகூடத் திறக்கும் சார்."

பிரேக், டயர், புகை எல்லாம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. அதிகாரி அட்டையை பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். கேப்டன் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கிளம்பலாம் என்று பின்பக்கம் போனால், கிளம்ப முடியவில்லை.

வயரைச் சோதித்தபோது சத்தமில்லாமல் போட்ட டி.வி.யை, கிளம்பிய அவசரத்தில் நாங்கள் அணைக்கவே இல்லை. கதவு முழுக்கத் திரும்பி நின்றதால் திரை மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கால்பந்து. அதன் முன்னால் இருபது லாரி டிரைவர்கள். இரண்டு பேர் டயரை உருட்டிக்கொண்டு வந்து உட்காரவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"வழி விடுங்கப்பா, கதவை மூடணும்" என்றான் பூட்டு.

"அண்ணே, பெனால்டி அண்ணே! ரெண்டே நிமிஷம்!"

"என் பொண்ணுக்குப் பிரசவம்யா!" என்றாள் கேப்டன்.

"இப்பவா?"

"இப்ப இல்ல. இந்த வாரம்."

"அப்ப ரெண்டு நிமிஷத்துல என்னக்கா ஆயிடும்?"

கேப்டன் உதவிக்கு அதிகாரியைத் தேடினாள். அவர் கூட்டத்தின் முதல் வரிசையில், அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"கதவு திறந்தபடி நிலையா நிக்குதான்னு நான் இன்னும் ரெண்டு நிமிஷம் பார்க்கணும்மா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "விதி அப்படி."

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒரு நிமிடம் நாற்பது செகண்டில் மைதானமே கத்தியது. டயரில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, யாரென்றே தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சரி சரி, நகருங்க எல்லாரும்!" கேப்டன் முன்னால் ஓடிப்போய் இன்ஜினைக் கிளப்பினாள்.

நான் பின்னால் ஏறினேன். பூட்டு கதவை இழுத்து மூடினான். மூடியவன் உட்காரவில்லை. சிவப்புக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"என்னடா அங்க சத்தம்?" என்று முன்னாலிருந்து கேப்டன் கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றான் பூட்டு. "நல்லாத் திறக்குது."